முத்திரை போடாத புத்தகத்தை நாம ஏன் மூடி வைக்கணும்?

உலகத்துல எங்கேயாவது ஒரு போர் ஆரம்பிச்சா போதும். அன்னைக்கு ராத்திரிக்குள்ள வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரு செய்தி சுத்த ஆரம்பிச்சிடுது. வேதத்துல சொன்னது நடந்துடுச்சு, அந்திக்கிறிஸ்து இவர்தான், வருகை இந்த வருஷம்தான், எல்லாருக்கும் அனுப்புங்க. ஒரு காலத்துல பார்கோடுதான் 666-னு சொன்னாங்க. அப்புறம் ஆதார்னு சொன்னாங்க. கொரோனா நேரத்துல தடுப்பூசின்னு சொன்னாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வசனம், ஒரு பயங்கரமான படம், பின்னணியில எக்காளச் சத்தம். இது ஒரு எரிச்சல். இன்னொரு எரிச்சல் இதை விடப் பெருசு. அந்தச் செய்தியைப் பார்த்து பயந்துபோய், "இதெல்லாம் உண்மையா?"ன்னு சபையில கேக்குறவங்களுக்குப் பல இடங்கள்ல கிடைக்குற பதில், "அதெல்லாம் ரொம்ப ஆழமான விஷயம், நமக்கு எதுக்கு? இரட்சிக்கப்பட்டா போதும்" அப்படிங்கிறதுதான். கேட்டவங்க வாயை மூடிக்கிறாங்க. ஆனா பயம் போகலை. வீட்டுக்குப் போய் யூடியூப்ல தேடுறாங்க. அங்க பதில் சொல்ல ஆயிரம் பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.

கடைசி காலத்தைப் பத்தின தீர்க்கதரிசனத்தை ஒவ்வொரு கிறிஸ்தவரும் உக்காந்து படிக்கணும், சபையும் அதை வரிசையா சொல்லிக் கொடுக்கணும். ஆர்வத்துக்காகச் சொல்லலை, பாதுகாப்புக்காகச் சொல்றேன். சபை பேசாம விட்ட இடம் காலியா கிடக்காது. பயம் காட்டுறவனும் தேதி குறிக்கிறவனும் அந்த இடத்துல வந்து உக்காந்துக்குவான். இது நானா கண்டுபிடிச்ச தத்துவம் இல்லை. சபை பிறந்து இருபது வருஷம் கூட ஆகாத காலத்துல, ஒரு ஊர்ல இதே பிரச்சனை வந்துச்சு. அதுக்கு பவுல் கொடுத்த மருந்து என்னன்னு நம்ம கையில எழுத்துலயே இருக்கு.

அந்த ஊர் தெசலோனிக்கே. மக்கெதோனியாவோட பெரிய துறைமுகப் பட்டணம் (இன்னைக்கு கிரீஸ் நாட்டோட இரண்டாவது பெரிய நகரம்). பவுல் அங்க ஜெப ஆலயத்துல மூணு ஓய்வுநாள் வேதத்தை எடுத்துப் பேசினார்னு அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரம் சொல்லுது. அதுக்கப்புறம் கலகம் வந்து, ராத்திரியோட ராத்திரியா ஊரை விட்டுப் போக வேண்டியதாச்சு. விட்டுட்டுப் போன விசுவாசிகள் எல்லாரும் புதுசு. பெரும்பாலும் விக்கிரகங்களை விட்டு வந்தவங்க. கி.பி. 50, 51 வாக்குல கொரிந்துல இருந்து அவங்களுக்கு அவர் எழுதின முதல் கடிதத்தை எடுத்துப் பாருங்க. அஞ்சே அதிகாரம். அஞ்சு அதிகாரத்துலயும் கர்த்தருடைய வருகை வருது. ஒண்ணு, இரண்டு, மூணு அதிகாரங்கள் அந்தப் பேச்சோட முடியுது. நாலாவதோட கடைசிப் பகுதி முழுக்க அதுதான். அஞ்சாவதுல மறுபடியும். கொஞ்ச நாள் முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தவங்ககிட்ட, "இது உங்களுக்கு இப்ப வேண்டாம், முதிர்ச்சி வரட்டும்"னு பவுல் தள்ளிப் போடலை. முதல் பாடத்துலயே வச்சார்.

அப்புறம் அங்க ஒரு குழப்பம் வந்துச்சு. கர்த்தருடைய நாள் ஏற்கெனவே வந்துடுச்சுன்னு யாரோ கிளப்பி விட்டாங்க. பவுல் எழுதின மாதிரியே ஒரு கடிதம் கூட சுத்தியிருக்கலாம்னு இரண்டாவது கடிதத்தோட இரண்டாம் அதிகாரம் காட்டுது. ஆவியில வந்த செய்தின்னு ஒண்ணு, வாய்ச் சொல்லா ஒண்ணு, கடிதமா ஒண்ணு. நம்ம காலத்து ஃபார்வர்டு மாதிரியேதான். சிலர் வேலைக்குப் போறதைக் கூட நிறுத்திட்டு அடுத்தவங்க வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு திரிஞ்சாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு நம்ம சபையில இப்படி ஒண்ணு நடந்தா என்ன முடிவெடுப்போம்? இனிமே வருகையைப் பத்தி யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லிடுவோம். பவுல் நேர் எதிரா செஞ்சார். முதல்ல என்ன நடக்கணும், அப்புறம் என்ன நடக்கணும்னு முன்னை விட விவரமா எழுதினார். நான் உங்களோட இருந்தப்பவே இதைச் சொன்னேனே, ஞாபகம் இல்லையான்னு கேட்டார். தப்பான போதனைக்கு மருந்து சரியான போதனை. மௌனம் அதுக்கு மருந்தே இல்லை. அவரோட முதல் கடிதம் முடியுற இடத்துலயும் இதே சமநிலையைப் பார்க்கலாம். தீர்க்கதரிசனத்தை அலட்சியப்படுத்தவும் கூடாது, கேக்குற எல்லாத்தையும் நம்பவும் கூடாது, சோதிச்சுப் பார்த்து நல்லதைப் பிடிச்சுக்கணும்னு சொல்றார். நாம இந்த ரெண்டுல ஒண்ணைத்தான் செய்யுறோம். ஒண்ணு அலட்சியம், இல்லைன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்புறது. சோதிச்சுப் பார்க்குற நடு வழியை மறந்துட்டோம். சோதிக்கணும்னா முதல்ல தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

படிச்சா பயம் எப்படிப் போகும்னு ஒரு உதாரணத்தோட காட்டுறேன். எல்லாரையும் பயமுறுத்துற அந்த 666 முத்திரையையே எடுத்துக்குவோம். வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தோட கடைசியில வருது. வலது கையிலயோ நெத்தியிலயோ ஒரு முத்திரை, அது இல்லாம வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. இந்த ரெண்டு, மூணு வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புனா பார்கோடும் ஊசியும் ஞாபகத்துக்கு வரத்தான் செய்யும். ஆனா கொஞ்சம் மேல போய்ப் படிங்க. அந்த அதிகாரம் முழுக்க வணக்கம், வணக்கம்னு திரும்பத் திரும்ப வருது. மிருகத்தை வணங்கினாங்க, அதோட சிலையை வணங்காதவங்களைக் கொல்லச் சொன்னாங்க. முத்திரை அந்த வணக்கத்தோட அடையாளம். இப்ப கொஞ்சம் கீழ வாங்க. 14-ஆம் அதிகாரத்தோட முதல் வசனத்துலயே, ஆட்டுக்குட்டியானவரோட நிக்கிறவங்க நெத்தியிலயும் ஒரு பெயர் எழுதியிருக்கு. அது பிதாவோட பெயர். அப்போ ரெண்டு கூட்டம், ரெண்டு அடையாளம். இன்னும் பின்னாடி போங்க. எசேக்கியேல் 9-ல எருசலேமோட பாவத்துக்காகப் பெருமூச்சு விட்டு அழுறவங்க நெத்தியில அடையாளம் போடச் சொல்றார் கர்த்தர். உபாகமம் 6-ல தேவனோட வார்த்தையைக் கையில கட்டிக்கோ, கண்களுக்கு நடுவுல வச்சுக்கோன்னு இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்டிருக்கு. கையும் நெத்தியும் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? யோவானோட காலத்துல வேதம் தெரிஞ்ச ஒருத்தர் இதைக் கேட்டவுடனே, இது நீ யாருக்குச் சொந்தம், யாரை வணங்குறேங்கிற கேள்வின்னு பிடிச்சிருப்பார். அந்த முத்திரை எந்த வடிவத்துல வரும்ங்கிறதுல இன்னைக்கும் விளக்கம் சொல்றவங்களுக்குள்ள வித்தியாசம் இருக்கு. ஆனா ஒண்ணு உறுதி. தனக்கே தெரியாம ஒருத்தர் வேற தெய்வத்தை வணங்கிட முடியாது. ஆஸ்பத்திரி வரிசையில நின்னு போட்டுக்குற ஊசியால கிறிஸ்துவை மறுதலிச்சவங்களா யாரும் ஆகிட மாட்டாங்க. இதைப் படிக்க ஒரு மணி நேரம் கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தை சபை கொடுத்திருந்தா எத்தனை பேரோட பயம் போயிருக்கும்!

அந்த எண்ணை வச்சு ஆள் தேடுறதும் புதுசு இல்லை. கி.பி. 180 வாக்குல லியோன்ல இருந்த ஐரேனியஸ் தன்னோட புத்தகத்துல இதைப் பத்தி எழுதியிருக்கார். 666-க்குப் பொருந்துற சில பெயர்களைக் கணக்குப் போட்டுக் காட்டிட்டு, எதையும் இதுதான்னு அடிச்சுச் சொல்றது ஆபத்து, அந்தத் தீர்க்கதரிசனம் நிறைவேறுற வரைக்கும் பொறுத்திருக்கிறதுதான் பத்திரம்னு எச்சரிக்கிறார். சில கைப்பிரதிகள்ல அந்த எண் 616-னு இருந்தது கூட அவருக்குத் தெரியும். அவர் வருகையை ஊக்கமா நம்பினவர், அதைப் பத்தி நிறைய எழுதினவர். நிறையப் படிச்சவர்தான் இங்க நிதானமாப் பேசுறார்ங்கிறதைக் கவனிங்க.

இப்ப எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி நியாயமானது, வலியோட வர்றது. "படிச்சவங்கதானே தேதி குறிச்சாங்க? படிச்சதாலதானே ஜனங்களை ஏமாத்தினாங்க?" ஆமா, சரித்திரம் அப்படித்தான் இருக்கு. ஜெர்மனியில மூன்ஸ்டர்னு ஒரு நகரம். 1534-ல அங்க ஒரு கூட்டம் இதுதான் புதிய எருசலேம்னு அறிவிச்சுச்சு. யான் மத்தைஸ்ங்கிற தலைவர் அந்த வருஷம் ஈஸ்டருக்குள்ள நியாயத்தீர்ப்பு வரும்னார். ஈஸ்டர் அன்னைக்கு முற்றுகை போட்டிருந்த படையை எதிர்த்துக் கொஞ்சம் பேரோட வெளியே போய்ச் செத்தார். அவருக்கு அடுத்து வந்தவர் தன்னை ராஜான்னு முடிசூட்டிக்கிட்டார். 1535 ஜூன்ல நகரம் விழுந்துச்சு. தலைவர்கள் மூணு பேரோட உடலைப் போட்டுத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் அந்த ஊர் லம்பெர்ட்டி தேவாலயக் கோபுரத்துல இன்னைக்கும் தொங்குது. அப்புறம் அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி. வேதத்தை வசனம் வசனமா இரண்டு வருஷம் ஆராய்ஞ்சவர். தானியேல் 8-ல வர்ற 2300 நாளை வருஷமாக் கணக்குப் போட்டு 1843, 1844-ல கர்த்தர் வருவார்னு பிரசங்கிச்சார். அவரோட கூட்டத்துல இருந்தவங்க கடைசியா 1844 அக்டோபர் 22-னு நாளையே குறிச்சாங்க, அவரும் கடைசி வாரங்கள்ல அதை ஏத்துக்கிட்டார். சிலர் விளைஞ்ச பயிரை அறுக்காம வயல்லயே விட்டாங்க. விடிஞ்சது 23-ஆம் தேதி. மகா ஏமாற்றம்னே அந்த நாளுக்குப் பேர் வந்துடுச்சு. நம்ம காலத்துல ஹெரால்ட் கேம்பிங். வானொலியில பேசிப் பேசி 2011 மே 21-னு உலகம் முழுக்க விளம்பரப் பலகை வச்சார். அன்னைக்கு ஒண்ணும் நடக்கலை. அக்டோபர் 21-னு மாத்தினார். அதுவும் நடக்கலை.

இவங்களால உடைஞ்சுபோன குடும்பங்களை நினைச்சா மனசு வலிக்குது. அதனால இந்தக் கேள்வியை நான் லேசாத் தள்ளிவிட மாட்டேன். ஆனா இவங்க எந்த இடத்துல தவறினாங்கன்னு பாருங்க. அந்த நாளும் அந்த நேரமும் ஒருத்தருக்கும் தெரியாதுன்னு மத்தேயு 24-ல இயேசுவே தெளிவா சொல்லியிருக்கார். காலங்களை அறியுறது உங்க வேலை இல்லை, நீங்க எனக்குச் சாட்சியா இருங்கன்னு பரமேறுற அன்னைக்கும் சொன்னார். தீர்க்கதரிசனப் பகுதியிலயே இதை விடத் தெளிவான வாக்கியம் கிடையாது. புரியாத எண்களை வச்சுக் கணக்குப் போட்டவங்க, பச்சைப் பிள்ளைக்கும் புரியுற இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போனாங்க. அதிகமாப் படிச்சதால வந்த தப்புன்னு இதைச் சொல்ல முடியாது. படிச்சதை முழுசா ஏத்துக்காததால வந்த தப்பு. கேம்பிங்கே கடைசியில 2012 மார்ச்சுல, தேதி குறிச்சது பாவம், நாளும் நேரமும் யாருக்கும் தெரியாதுன்னு சொன்னவங்கதான் சரின்னு ஒத்துக்கிட்டார். அவரைத் திருத்தினதும் தீர்க்கதரிசன வசனம்தான். இன்னொண்ணும் கவனிக்கணும். சபைகளோட காலம் முடிஞ்சுபோச்சு, சபையை விட்டு வெளியே வாங்கன்னு அவர் பல வருஷமா போதிச்சுக்கிட்டு இருந்தார். அவர் பேச்சைக் கேட்டவங்க, "அண்ணே, இந்த வசனத்தை விட்டுட்டீங்களே"ன்னு தடுத்துக் கேக்குற ஆட்கள் இல்லாத இடத்துக்குப் போயிட்டாங்க. சபை நடுவுல, பல பேரோட சேர்ந்து, முழு வேதத்தையும் வச்சுப் படிக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. கள்ள நோட்டு நடமாடுதுன்னு நல்ல நோட்டைக் கிழிச்சுப் போட மாட்டோம். நல்ல நோட்டைத் தடவிப் பார்த்துப் பழகினவங்க கைதான் கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும்.

"மார்ட்டின் லூத்தருக்கே பிடிக்காத புத்தகம், கால்வினே விளக்கம் எழுதாத புத்தகம், நமக்கு எப்படிப் புரியும்?" இது இரண்டாவது கேள்வி. தகவல் சரிதான். புதிய ஏற்பாட்டுல அநேகமா எல்லாத்துக்கும் விளக்கம் எழுதின கால்வின் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு எழுதலை. லூத்தர் 1522-ல எழுதின முன்னுரையில இந்தப் புத்தகத்துல பரிசுத்த ஆவியானவரோட கையைத் தன்னால பார்க்க முடியலைங்கிற அளவுக்கு வெளிப்படையாச் சொன்னார். ஆனா கதையைப் பாதியில நிறுத்தக் கூடாது. 1530-ல அதே லூத்தர் அந்த முன்னுரையை எடுத்துட்டு, ரொம்ப நீளமா வேற ஒண்ணு எழுதினார். இந்தப் புத்தகம் சபைக்கு ஆறுதலுக்கும் எச்சரிப்புக்கும் பயன்படும்னு அதுல விளக்கினார். எட்டு வருஷத்துல ஒரு பெரிய மனுஷர் மனசு மாறியிருக்கார்னா நமக்கும் நம்பிக்கை இருக்கு. கஷ்டம்னு சொல்றதுல பாதி, சாவி எங்க இருக்குன்னு தெரியாததால வர்றது. ஏழு நட்சத்திரமும் ஏழு குத்துவிளக்கும் என்னன்னு முதல் அதிகாரத்தோட கடைசி வசனமே சொல்லிடுது. வலுசர்ப்பம் யாருன்னு 12-ஆம் அதிகாரம் பெயர் சொல்லுது. தூபவர்க்கம் நிறைஞ்ச கலசங்கள் பரிசுத்தவான்களோட ஜெபம்னு 5-ஆம் அதிகாரம் சொல்லுது. வேசி உக்காந்திருக்கிற தண்ணீர்கள் ஜனக்கூட்டங்கள்னு 17-ஆம் அதிகாரம் சொல்லுது. மீதியில பெரும்பகுதிக்குத் தானியேல், எசேக்கியேல், ஏசாயா, சகரியா, யாத்திராகமத்துல சாவி இருக்கு. எல்லாம் புரிஞ்சிடும்னு நான் சொல்லலை. புரியாத பகுதி இருக்கத்தான் செய்யும். ஆனா இந்த ஒரு புத்தகத்தோட தொடக்கத்துலயே, வாசிக்கிறவங்களும் கேக்குறவங்களும் கைக்கொள்றவங்களும் பாக்கியவான்கள்னு ஒரு வாக்குத்தத்தம் இருக்கு. அறிஞர்களுக்கு மட்டும் அதைச் சொல்லலை. சபையில ஒருத்தர் வாசிக்க, மத்தவங்க உக்காந்து கேட்ட காலம் அது. எழுத்தறிவே இல்லாத அடிமைகளும் அந்தக் கூட்டத்துல இருந்திருப்பாங்க.

மூணாவது கேள்வி, "இதைப் பேசினா சபை உடையும்." ஆயிரவருஷ அரசாட்சி எப்போ, எப்படி, இரகசிய வருகை உபத்திரவத்துக்கு முன்னாடியா பின்னாடியா... இதுல ஒத்துப்போகாதவங்க இன்னைக்கும் இருக்காங்க, அன்னைக்கும் இருந்தாங்க. இரண்டாம் நூற்றாண்டுல இரத்தசாட்சியா செத்த யுஸ்தீன், எருசலேம்ல ஆயிரம் வருஷ அரசாட்சி நடக்கும்னு உறுதியா நம்பினார். அதே மூச்சுல, சுத்தமான பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் நிறைய பேர் இதுல வேற மாதிரி நினைக்கிறாங்கன்னும் எழுதி வச்சார். அவங்களை அவர் கிறிஸ்தவங்க இல்லைன்னு தள்ளலை. பின்னாடி வந்த அகுஸ்தீன் அந்த ஆயிரம் வருஷத்தை சபையின் காலமா விளக்கினார். இவ்வளவு வித்தியாசத்துக்கு நடுவுலயும் எல்லாரும் ஒண்ணா நிக்கிற தரை பெருசு. கிறிஸ்து மறுபடியும் வருவார், மரிச்சவங்க எழுந்திருப்பாங்க, நியாயத்தீர்ப்பு உண்டு, புது வானமும் புது பூமியும் உண்டு. இந்த நாலுலயும் கத்தோலிக்கருக்கும் லூத்தரனுக்கும் பெந்தெகொஸ்தேகாரருக்கும் சண்டை இல்லை. விசுவாசப் பிரமாணத்துல ஞாயிறுதோறும் நின்னு சொல்றதும் இதைத்தான். அதனால படிக்கிறப்போ ரெண்டு கட்டமாப் பிரிச்சு வைக்கலாம். இது எல்லாரும் ஒத்துக்கிட்டது, இது நான் புரிஞ்சுக்கிட்டது. முதல் கட்டத்துக்காக உயிரையும் கொடுக்கலாம். இரண்டாவது கட்டத்துக்காகச் சகோதரனோட முகம் பார்க்காம இருக்கக் கூடாது. இந்தப் பண்பையும் சொல்லிக் கொடுத்தாத்தான் வரும். பேசாம விட்ட சபை, யாராவது ஒருத்தர் வெளியில கேட்டதைக் கொண்டு வந்து போட்ட அன்னைக்கு உடையுது.

நாலாவது கேள்வி ரொம்ப முக்கியமானது. "வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா பூமியில யார் வேலை செய்யுறது? ஏழைக்குச் சோறு போடுறதை விட்டுட்டு எக்காளத்தைப் பத்திப் பேசணுமா?" இயேசு ஒலிவ மலையில கடைசி காலத்தைப் பத்திப் பேசின பேச்சு மத்தேயு 24-ல ஆரம்பிக்குது. அது எங்க முடியுதுன்னு நிறைய பேர் பார்க்குறது இல்லை. 25-ஆம் அதிகாரத்துல முடியுது. பசியா இருந்தவனுக்குச் சோறு, தாகமா இருந்தவனுக்குத் தண்ணீர், காவல்ல இருந்தவனைப் போய்ப் பார்த்தது. தீர்க்கதரிசனப் பிரசங்கத்தோட உச்சமே அதுதான். அந்த ஒரே பேச்சை ரெண்டாக் கிழிச்சு, பாதியைப் பயத்துக்கும் பாதியைத் தர்மத்துக்கும்னு பங்கு போட்டது நாமதான். 1 கொரிந்தியர் 15-ல உயிர்த்தெழுதலையும் கடைசி எக்காளத்தையும் விளக்கின பவுல், கடைசி வசனத்துல வந்து நிக்கிற இடம், ஆகையால உழைங்க, உங்க உழைப்பு வீணாகாதுங்கிறதுதான். சரித்திரத்துலயும் சாட்சி இருக்கு. இங்கிலாந்துல ஷாஃப்ட்ஸ்பரி பிரபு கர்த்தருடைய வருகையை ரொம்ப எதிர்பார்த்து வாழ்ந்தவர். நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள பெண்களையும் பத்து வயசுக்குக் கீழ உள்ள பையன்களையும் இறக்கக் கூடாதுன்னு 1842-ல வந்த சட்டத்துக்காகப் போராடினவரும் அவர்தான். இருட்டுல கரிவண்டி இழுத்த பிள்ளைகளை வெளியே கொண்டு வந்தவர், நியாயாதிபதி வர்றார்னு நம்பின மனுஷன். கணக்குக் கேக்க எஜமான் வருவார்னு தெரிஞ்ச வேலைக்காரன்தான் கையைக் கட்டிக்கிட்டு உக்கார மாட்டான்.

துன்பத்துலயும் இந்த நம்பிக்கை என்ன செய்யும்னு சிமிர்னாவைப் பாருங்க. முதல் நூற்றாண்டோட கடைசியில பத்மு தீவுல இருந்து யோவான் எழுதின ஏழு சபைகள்ல அதுவும் ஒண்ணு. உங்களுக்கு உபத்திரவம் வரும், மரணம் வரைக்கும் உண்மையா இருங்க, ஜீவகிரீடம் தருவேன்னு அந்தச் சபைக்குச் சொல்லப்பட்டுச்சு. சுமார் அறுபது வருஷம் கழிச்சு, அதே சிமிர்னா சபையோட கண்காணியா இருந்த வயசான பொலிகார்ப்பை விளையாட்டு அரங்கத்துல நிறுத்தி, கிறிஸ்துவைச் சபிச்சா விட்டுடுறோம்னு சொன்னாங்க. எண்பத்தாறு வருஷமா தனக்கு நன்மையே செஞ்ச ராஜாவை விட மாட்டேன்னு சொல்லி நெருப்புக்குப் போனார். தன்னோட சபைக்கு வந்த அந்தக் கடிதம் அவருக்குத் தெரியாம இருந்திருக்காது. தேதி தெரியாது அவருக்கு. ஆனா முடிவு தெரியும். யார் ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சவருக்கு நெருப்பைப் பார்த்தும் கால் பின்வாங்கலை.

அதே சமயம் படிக்கிறவங்களுக்கும் ஒரு எச்சரிப்பு இருக்கு. கிழக்குல இருந்து சாஸ்திரிகள் வந்து யூதருக்கு ராஜா எங்க பிறப்பார்னு கேட்டப்போ, எருசலேம்ல இருந்த வேதபாரகர்கள் கொஞ்சமும் தடுமாறலை. மீகாவோட தீர்க்கதரிசனத்தைச் சொல்லி, பெத்லகேம்னு பதில் கொடுத்துட்டாங்க. விடை நூத்துக்கு நூறு சரி. எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் நடுவுல சுமார் ஒன்பது கிலோமீட்டர்தான். மத்தேயு சொல்ற கதையில அவங்கள்ல ஒருத்தர் கூட அங்க நடந்து போகலை. போனவங்க தூர தேசத்து அந்நியர்கள். பாடம் தெரியும், கால் நகரலை. அட்டவணையும் வரைபடமும் மனப்பாடமா இருந்து, பக்கத்து வீட்டுக்காரரோட நாலு வருஷமாப் பேசாம இருந்தா நாமளும் அந்த வேதபாரகர்கள்தான். தானியேல் இதுக்கு நேர் எதிர். எரேமியாவோட புத்தகத்தைப் படிச்சு, எழுபது வருஷம் முடியப் போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டவுடனே அவர் என்ன செஞ்சார்? இரட்டு உடுத்தி, சாம்பல்ல உக்காந்து, தன்னோட ஜனத்துக்காகப் பாவ அறிக்கை பண்ணி ஜெபிச்சார். தீர்க்கதரிசனம் படிச்ச மனுஷன் முழங்கால்ல நின்னார். நாம சரியாப் படிக்கிறோமான்னு பார்க்க இதை விட நல்ல அளவுகோல் இல்லை.

யோசிச்சுப் பார்த்தா, இதை விட்டுட்டு இருக்குறதும் நம்மால முடியாத காரியம். திருவிருந்துல அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுக்குற ஒவ்வொரு தடவையும், கர்த்தர் வர்ற வரைக்கும் அவரோட மரணத்தை அறிவிக்கிறோம்னு பவுல் சொல்றார். கர்த்தர் கத்துக்கொடுத்த ஜெபத்துல ராஜ்யம் வரணும்னு தினமும் கேக்குறோம். கல்லறைத் தோட்டத்துல நின்னு உயிர்த்தெழுதலைப் பத்தின வசனத்தை வாசிச்சுத்தான் நம்ம அப்பா, அம்மாவை மண்ணுல வைக்கிறோம். அந்த வசனமும் தெசலோனிக்கேயருக்கு எழுதின அதே கடிதத்துலதான் இருக்கு. மரிச்சுப்போன தங்களோட சொந்தங்களை நினைச்சு அழுதவங்களுக்கு, இந்த வார்த்தைகளால ஒருத்தரை ஒருத்தர் தேத்துங்கன்னு பவுல் கொடுத்தது அது. ஆறுதலுக்குக் கொடுத்ததை நாம ஆராய்ச்சிப் பொருளாவும் அதிர்ச்சிப் படமாவும் மாத்திட்டோம். சாவு வீட்டுல மட்டும் திறக்குற பக்கமா அது இருக்கக் கூடாது.

ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். வெளிப்படுத்தின விசேஷத்தோட நடுவுல போய்க் குதிக்காதீங்க. முதல்ல தெசலோனிக்கேயருக்கு எழுதின ரெண்டு கடிதத்தையும் ஒரே மூச்சுல வாசிங்க, அரை மணி நேரம் போதும். அடுத்து மத்தேயு 24, 25 ரெண்டையும் பிரிக்காம வாசிங்க. அப்புறம் 2 பேதுரு 3. அதுக்கப்புறம் தானியேல். கடைசியா வெளிப்படுத்தின விசேஷத்தை, முதல்ல சத்தமா, நிறுத்தாம, கதை மாதிரி முழுசா. தனியாப் படிக்காதீங்க, ரெண்டு பேரையாவது சேர்த்துக்குங்க. ஒவ்வொரு பகுதியிலயும் மூணு கேள்வி கேளுங்க: இது முதல்ல கேட்டவங்களுக்கு என்ன சொல்லுச்சு, கிறிஸ்துவைப் பத்தி என்ன காட்டுது, என்னை என்ன செய்யச் சொல்லுது. போதகர்களே, உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். வருஷத்துல ஒரு மாசம் இதுக்கு ஒதுக்குங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறும் பழங்காலத்துல இருந்தே அவரோட வருகையை நினைக்கிற ஞாயிறுகள்தான். தெரியாததை தெரியாதுன்னு சொல்லுங்க, ஜனங்க உங்களை இன்னும் அதிகமா நம்புவாங்க.

தானியேலுக்கு அந்தப் புத்தகத்தை முத்திரை போட்டு வைக்கச் சொன்ன தேவன், வெளிப்படுத்தின விசேஷத்தோட கடைசி அதிகாரத்துல யோவானுக்கு முத்திரை போட வேண்டாம்னு சொன்னார். அவர் திறந்து வச்சதை மூடுறதுக்கு நமக்கு அதிகாரம் இல்லை. அடுத்த தடவை அந்த மாதிரி ஒரு செய்தி உங்க போனுக்கு வந்தா, அதை இன்னொருத்தருக்கு அனுப்பவும் வேண்டாம், பயந்து அழிக்கவும் வேண்டாம். அது சொல்ற அதிகாரத்தை எடுத்து, முதல் வசனத்துல இருந்து வாசிங்க.